வியட்நாம் காபி மலைகளில் மூன்று மாதம் தங்க எண்ணம்: பதிவு, ஓட்டுநர் உரிமம், தோட்ட வேலை குறித்து ஐயங்கள்

நாகலூர்த் தோட்டக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சில்வர் ஓக் நிழலில் அராபிகா காபியும், அந்த மரங்களிலேயே மிளகுக் கொடியும் ஏற்றி வைத்திருக்கும் சிறு விவசாயி நான். வியட்நாமின் நடு மேட்டுநிலத்தில், புவோன் மா துவோட் நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில், ரொபஸ்டா காபிக்கு எப்படி நீர் பாய்ச்சுகிறார்கள், எப்படிக் கவாத்து செய்கிறார்கள், பழம் பறிப்பதையும் உலர்த்துவதையும் எப்படி ஒழுங்கு செய்கிறார்கள் என்பதை அங்கேயே தங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பிறகு, ஏறக்குறைய நம் ஏற்காட்டின் உயரத்திலேயே இருக்கும் தா லாத் சென்று அங்குள்ள அராபிகாவையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றிருக்கிறேன். அங்கே அறுவடை மும்முரமாக இருக்கும் நவம்பர் மாதத்தில் புறப்படுகிறேன். இங்கும் அது பழம் எடுக்கும் காலம்தான் என்றாலும், தோட்டத்தைத் தம்பி பார்த்துக்கொள்வார்.

விசாவில் குழப்பமில்லை, 90 நாள் இ-விசா கிடைக்கிறது. மற்றவற்றில்தான் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். விடுதியில் அல்லாமல் ஒரு விவசாயி வீட்டில் தங்கினால் காவல் நிலையத்தில் பதிய வேண்டுமா? நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா? வாடகைக்குத் தருபவர்கள் உரிமமே கேட்பதில்லை என்கிறார்கள். வீட்டுக்காரர்களோடு சேர்ந்து பழம் பறித்தால் அது வேலை செய்ததாகக் கணக்காகுமா? சட்டம் எது, நடைமுறை எது என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஒண்டிக்கடை ஹோம்ஸ்டே:

வணக்கம் அண்ணா. ஏற்காட்டில் தங்கும் வீடு நடத்துகிறவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். நம் ஊரிலேயே வெளிநாட்டவர் ஒருவர் ஓர் இரவு தங்கினாலும், கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் நாங்கள் பதிந்தாக வேண்டும். சி படிவம் என்று நாங்கள் சொல்லிப் பழகியது அதைத்தான். வந்தவர் பையை இறக்கி வைத்ததுமே பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், விசா, வந்திறங்கிய நாளின் முத்திரை ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்வோம். முத்திரையின் தேதி மங்கலாக இருந்தால் அவரையே கேட்டு எழுதிக்கொள்வோம், ஏனென்றால் அந்த ஒரு தேதி பிசகினாலும் மறுநாள் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வரும்.

வியட்நாமிலும் இதே ஏற்பாடுதான், கால அளவு மட்டும் இன்னும் குறுகலானது. தங்க இடம் கொடுப்பவர் 12 மணி நேரத்துக்குள்ளும், எட்டாத தொலைவில் உள்ள ஊர்களில் 24 மணி நேரத்துக்குள்ளும் உள்ளூர்க் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவர்களுடைய 2014ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் சொல்கிறது. விவசாயி வீட்டுக்கும் இது பொருந்தும். கடமை வீட்டுக்காரருடையது என்றாலும், பதிவு இல்லாமல் போனால் கேள்வி உங்களிடமும் வரும். ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன்பே, அவர் பதிவு செய்வாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிந்ததைக் காட்டும் கணினித் திரையின் படத்தையோ தாளின் படத்தையோ உங்கள் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் 63 ஆக இருந்த மாகாணங்களும் மாநகரங்களும் 34 ஆகச் சுருக்கப்பட்டு, இடையில் இருந்த மாவட்ட நிர்வாகமே எடுக்கப்பட்டுவிட்டது. மாவட்டக் காவல் அலுவலகத்துக்குப் போங்கள் என்று எழுதியிருந்தால் அப்படி ஓர் அலுவலகமே இப்போது இருக்காது. ஊர் அளவிலான காவல் அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். மேலும், நீங்கள் போகும் புவோன் மா துவோட் நகரம் இருக்கும் டாக் லாக் மாகாணத்தில் 2023 ஜூன் மாதத்தில் ஊராட்சி அலுவலகங்கள் தாக்கப்பட்டு ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அத்தகைய இடத்தில் புதிய முகத்தை யார் என்று கேட்பதில் வியப்பில்லை. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கம்போடியா எல்லையை ஒட்டிய ஊர்களுக்குத் தனி அனுமதி தேவைப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அம்மாபேட்டை – ஹோ சி மின் நகரம்:

ஐயா, வணக்கம். சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை; ஜவுளி வேலையாக இங்கே தங்கியிருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்வி நீங்கள் நினைப்பதைவிடக் கனமானது.

நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்கும், ஓராண்டு செல்லும் பன்னாட்டு உரிமம் 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது. வியட்நாம் ஏற்பதோ 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் கீழ் வந்த உரிமத்தை மட்டுமே. ஆக, நம் உரிமப் புத்தகம் இங்கே செல்லாது. தாய்லாந்தில் அதே புத்தகம் செல்லும் என்பதால், அங்கே ஓட்டிவிட்டு வந்தவர்கள் வியட்நாமிலும் செல்லும் என்று மனமாரச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய அனுபவம் வேறு நாட்டினுடையது.

வாடகைக்காரர் உரிமம் கேட்பதில்லை என்பதும் உண்மைதான். சாலையில் நிறுத்தும் காவலரும் சில நேரம் போகச் சொல்லிவிடலாம். எனினும் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 168ஆம் எண் ஆணைக்குப் பிறகு அபராதங்கள் கடுமையாகிவிட்டன. உரிமம் இல்லாமல் 125 சிசி வரையிலான வண்டியை ஓட்டினால் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாங் (வியட்நாம் நாணயம்) வரை போடுகிறார்கள், வண்டியையும் பிடித்து வைக்கலாம். மது அருந்திவிட்டு ஓட்டுவதற்கு இங்கே துளிக்கூட விலக்கு இல்லை. அபராதத்தையாவது கட்டிவிட்டு வரலாம். பெரிய இடர் விபத்தில்தான் இருக்கிறது: செல்லத்தக்க உரிமம் இல்லாதவர் ஓட்டிய வண்டி என்றால் பயணக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தராது, எதிரே வந்தவருக்கு அடிபட்டிருந்தால் தவறு யாருடையது என்று பார்க்கும் முன்பே உரிமமற்றவர் நீங்கள் என்ற நிலையில் பேச்சு தொடங்கும். எனக்குத் தெரிந்த நம் ஊர்ப் பையன் ஒருவன் ஈரச் சாலையில் சறுக்கிக் கணுக்கால் முறிந்து படுத்தபோது, அறுவைச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்ட மருத்துவமனைக்கும் கைவிரித்த காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடுவில் அவன் தகப்பனார் சேலத்தில் நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பினார். அந்தக் கடைக்காரர் உரிமம் கேட்கவில்லை என்பது அன்றைக்கு யாருக்கும் உதவவில்லை.

இன்னொன்று. இங்கே வாகனங்கள் வலப்புறம் ஓடுகின்றன. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவேன் என்கிறவருக்குத்தான் மலைப்பாதையில் இது அதிகம் சிக்கல், ஏனெனில் வளைவில் மனம் யோசிப்பதற்குள் கை பழகிய பக்கத்துக்குத் திரும்பிவிடும். 50 சிசிக்குக் குறைந்த வண்டிக்கு உரிமம் வேண்டியதில்லை. ஊருக்குள் போய்வர அது போதும். தோட்டங்களுக்குச் செல்ல ஓட்டுநரோடு வண்டி எடுங்கள் என்பதே என் கருத்து.

வாடகைக்கடையில் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். அது இந்திய அரசின் சொத்து என்று நம் 1967ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நகலும் ரொக்கமும் கொடுத்தால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை டிக்கெட் முகவர்:

விசாவில் குழப்பமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், பெயரை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நம்மவர் பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். இனிஷியலை விரித்துத் தந்தை பெயரை ஒரு இடத்தில் ஒரு விதமாகவும் மற்றோர் இடத்தில் வேறு விதமாகவும் எழுதிவிடுவார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். வியட்நாம் அரசின் தளத்தில் கட்டணம் ஒரு முறை நுழைவதற்கு 25 டாலர். அதற்கு மேல் கேட்கும் தளம் இடைத்தரகருடையது.

நாகலூர்த் தோட்டக்காரர்:

மூவருக்கும் நன்றி. வண்டி ஓட்டும் எண்ணத்தைக் கைவிட்டேன். காப்பீட்டைப் பற்றி இதுவரை ஒருவரும் இப்படிச் சொல்லவில்லை. மூன்றாவது கேள்விக்கும் யாரேனும் பதில் தர இயலுமா? கூலி எதுவும் வாங்கப்போவதில்லை. பழம் பறிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது விவசாயிக்குக் கூச்சமாக இருக்கும் என்பதால்தான் கேட்டேன். திரும்பும்போது நல்ல ரகத்தின் விதை கொஞ்சம் கொண்டுவரலாமா என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது.

அம்மாபேட்டை – ஹோ சி மின் நகரம்:

ஐயா, சுற்றுலா விசா வேலைக்கானது அன்று. கூலி வாங்கவில்லை என்பதை வைத்து மட்டும் அதிகாரி திருப்தியடைவார் என்று சொல்ல முடியாது. ஒரு மரத்தில் நாலு பழம் பறித்துப் பார்ப்பதை யாரும் கேட்கப்போவதில்லை. நாள்தோறும் கூடையோடு களத்தில் இறங்கினால் பார்ப்பவர் கண்ணுக்கு அது வேலைதான். புவோன் மா துவோட்டில் காபியை ஆராயும் மேற்கு மேட்டுநில வேளாண் வனவியல் அறிவியல் நிறுவனம் இருக்கிறது. நம் காபி வாரியத்தின் வழியாக அதற்கு ஒரு கடிதம் எழுதி, பார்வையாளராக வர விரும்புகிறேன் என்று கேளுங்கள். பதில் கிடைத்தால், எந்த வகை விசாவுக்கு விண்ணப்பிப்பது என்பதும் அதிலேயே தெளிவாகும், ஊர்க் காவலரிடம் காட்டவும் ஒரு தாள் இருக்கும்.

விதை மட்டும் வேண்டவே வேண்டாம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதி இல்லாமல் விதையோ கன்றோ இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. 1990இல் கூடலூர்ப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட காய்த்துளைப்பான் வண்டால் நம் காபி விவசாயிகள் இன்றுவரை படும் பாட்டை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அங்கே தோட்டத்தில் போட்ட காலணியையும் மண் போகக் கழுவிக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள்.