வெடி லைசென்ஸோடு மாநிலம் மாறுகிறவர்களுக்கு: ஆஸ்திரேலியா போன டெல்டாக்காரர்கள் கவனிக்க

மன்னார்குடித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, குயின்ஸ்லாந்துல எடுத்த ஷாட்ஃபயரர் லைசென்ஸ் பெர்த் பக்கம் செல்லுமா?" ஷாட்ஃபயரர் என்றால் பாறை உடைக்க வெடி வைக்கிறவர். பெர்த் இருப்பது வேறு மாநிலம், மேற்கு ஆஸ்திரேலியா. அங்கேயும் செல்ல வைக்கலாம். லீவில் நீடாமங்கலம் வந்திருக்கிறேன், நேரம் இருக்கிறது, விரிவாகவே சொல்கிறேன்.

இதற்கு வழி பரஸ்பர அங்கீகாரம். ஒரு மாநிலம் கொடுத்த லைசென்ஸை இன்னொரு மாநிலம் ஏற்றுக்கொள்வதற்காக, ஆஸ்திரேலிய மாநிலங்கள் தங்களுக்குள் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி செய்துகொண்ட ஏற்பாடு அது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் நியூசிலாந்தும் சேர்ந்துகொண்டது. நம்மூர்ச் சான்றிதழுக்கு இதில் இடமில்லை. புதுக்கோட்டை குவாரியில் வருஷக்கணக்காகத் தோட்டா போட்டவராக இருக்கலாம். ஓஎன்ஜிசி எண்ணெய் தேடிய காலத்தில் நம் வயல்களில் குழி போட்டு சர்வே வெடி வைத்தவராகவும் இருக்கலாம். (பெரிய கோயிலுக்கே வெளியிலிருந்து கல் வந்த பூமி இது. இங்கிருந்து பாறை உடைக்க ஆள் போவது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.) யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு மாநிலத்தில் பயிற்சி, மதிப்பீடு, பாதுகாப்புச் சோதனை முடித்து முதல் லைசென்ஸை வாங்கியாக வேண்டும். ஊர் அனுபவம் அந்த மதிப்பீட்டில் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

முதல் லைசென்ஸ் கையில் வந்துவிட்டால் அடுத்த மாநிலத்துக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். எந்தெந்த மாநிலத்தில் பதிவு இருக்கிறது, அதில் என்ன நிபந்தனை, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் உண்டா என்பதெல்லாம் அதில் வரும். உண்மை என்று சட்டப்பூர்வ உறுதிமொழி, லைசென்ஸ் நகல், கட்டணம். உங்களைப் பற்றிப் பழைய மாநிலத்தில் விசாரிக்க ஒப்புதலும் கொடுக்கிறீர்கள். ஒரு மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். காரணம் இருந்தால் ஆறு மாதம் வரை தள்ளிவைக்கலாம். அதனால் வேலையில் சேரும் தேதியை நெருக்கி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நம் ஆட்கள் சிக்கிக்கொள்வது பெயரில்தான். பள்ளிச் சான்றிதழில் 'கோ. செந்தில்குமார்' என்று இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதுவே விரிந்து 'செந்தில்குமார் கோவிந்தராஜன்'. ஆஸ்திரேலியாவில் பயிற்சி நிறுவனம் அதைத் திருப்பிப் போட்டு, அப்பா பெயரிலேயே ஒரு சான்றிதழ் அடித்துக் கொடுக்கும். மளிகைக் கடை என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இது வெடிமருந்து. போலீஸ் சோதனையில் ஒரு பெயர், லைசென்ஸில் இன்னொரு பெயர் என்றால் ஃபைல் அப்படியே நின்றுவிடும். முதல் பயிற்சிப் படிவத்திலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையில், ஓர் எழுத்துகூட மாறாமல் எழுதுங்கள். தவறாக அச்சிட்டு வந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள்.

"2021 ஜூலையிலிருந்து தானியங்கி அங்கீகாரம் வந்துவிட்டதே, விண்ணப்பமே வேண்டாமே" என்று சிலர் சொல்வார்கள். அது, வீடோ முதன்மை வேலையோ ஒரு மாநிலத்தில் இருக்க, இன்னொரு மாநிலத்தில் போய் வேலை செய்கிறவர்களுக்கானது. குடும்பத்தோடு பெர்த்துக்கே குடிபோகிறவருக்குப் பழைய வழிதான். அதோடு, மாநில அமைச்சர்கள் சில லைசென்ஸ்களுக்கு விலக்கு அறிவிக்கலாம். இரண்டு மாநில அதிகாரிகளிடமும் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். கேன்டீனில் கேட்டதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

திறந்தவெளி வெடிக்கு மட்டும் என்று பழைய லைசென்ஸில் இருந்தால், மாநிலம் மாறியதால் அது நிலத்தடிக்கும் ஆகிவிடாது. வெடிமருந்தைச் சேமிக்கவும் வண்டியில் கொண்டுபோகவும் தனி அனுமதி தேவைப்படலாம்.

அப்புறம், இன்னும் ஊரிலேயே இருப்பவர்கள் கிளம்புவதற்குள் குவாரி முதலாளியிடம் அனுபவக் கடிதம் வாங்கிவிடுங்கள். 'நல்ல பையன், வேலை தெரியும்' என்று இரண்டு வரி பிரயோஜனப்படாது. என்ன வகை வெடிமருந்து, எந்த டெட்டனேட்டர், எத்தனை குழி, யார் மேற்பார்வை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும். திருச்சி பாஸ்போர்ட் அலுவலகம் மூலம் போலீஸ் சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் பெயரைப் பாருங்கள்.