எருதின் தாடையில் கல் போன்ற வீக்கம்: கீறலாமா, சூடு போடலாமா?

கேள்வி (மியான்மரில் பெகு பக்கத்து விவசாயி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் உழவு ஜோடியில் வலப்பக்கம் பூட்டும் எருதுக்கு வயது ஆறு. ஒன்றரை மாதத்துக்கு முன் அதன் கீழ்த்தாடையில் நெல்லிக்காய் அளவில் தோன்றிய வீக்கம், இப்போது சிறு தேங்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. வைக்கோலை வாயில் வாங்கி, இரண்டு முறை மென்றுவிட்டுப் பாதியைக் கீழே போட்டுவிடுகிறது. ஊரில் ஒருவர் கீறிச் சீழை எடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் சூடு போடச் சொல்கிறார். நடவுக்கு இரண்டு மாதமே இருப்பதால் எதைச் செய்வதென்று தெரியாமல் தவிக்கிறேன்.

மறுமொழி 1 (தட்டோனில் கால்நடை மருத்துவம் பார்ப்பவர்)

தம்பி, முதலில் எருதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வீக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து சற்று நேரம் அப்படியே நின்றால் அது தாடையின் நோயே அல்ல. தண்ணீர் நிற்கும் வயல்களில் மேயும் மாடுகளுக்கு ஈரல் புழுவால் இரத்தம் குறைந்து, தாடைக்கு அடியில் நீர் இறங்கும். கடைவாய்ப் பற்களுக்கு நேராக எலும்போடு எலும்பாகக் கெட்டியாக இருந்து, அசைத்தாலும் அசையாமல் நின்றால், அது பெரும்பாலும் ஆக்டினோமைசிஸ் போவிஸ் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் தாடைக்கட்டி. 1877இல் ஜெர்மானியரான போலிங்கர் விவரித்த இந்தக் கிருமியை அக்காலத்தில் பூஞ்சை என்றே கருதினார்கள். பெயரில் உள்ள 'மைசிஸ்' பூஞ்சையைக் குறிக்கும் சொல்; அந்தத் தவறு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இக்கிருமி நல்ல மாட்டின் வாயிலும் இருக்கும். நெல்லின் சுணையோ, முள்ளோ, கம்பித் துண்டோ ஈறைக் கிழிக்கும்போது உள்ளே புகுந்து, எலும்பை அரித்துத் தேன்கூடு போல் ஆக்கிவிடுகிறது. பிறகு தோல் உடைந்து, தேன் போன்ற சீழ் வடியும். அதை விரலிடையில் தேய்த்தால் மஞ்சள் மணல் போன்ற துகள்கள் நெருடும். கீறுவதால் பயனில்லை, ஏனெனில் நோய் சதையில் அல்ல, எலும்பில் இருக்கிறது. சூடு போடுவது வாயில்லா ஜீவனுக்கு வேதனை மட்டுமே தரும்.

நாக்கையும் தொட்டுப் பாருங்கள். நாக்கு மரக்கட்டையாக இறுகி எச்சில் ஒழுகினால் அது மரநாக்கு நோய். அதன் கிருமி வேறு, மருந்துக்கும் சீக்கிரம் இணங்கும், இரண்டு நாளிலேயே தீனி எடுக்கத் தொடங்கிவிடும்.

மறுமொழி 2 (மோல்மீனில் பால் மாடு வளர்ப்பவர்)

டாக்டர் ஐயா சொல்வது முற்றிலும் உண்மை. எங்கள் காராம்பசுவுக்கு இதே இடத்தில் கட்டி வந்தபோது, விவரம் தெரியாத ஒருவரைக் கொண்டு கீறவிட்டோம். ஒரு துளை இருந்த இடத்தில் மூன்று துளைகள் வந்தன; பற்கள் ஆடி, தவிடு கரைத்துக் கொடுத்தாலும் விழுங்க முடியாமல் மெலிந்துபோனது. இன்னொரு விஷயம், அந்தச் சீழ் தொட்டியிலும் புல்லிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எருதைத் தனியாகக் கட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, ஐயா, மிக்க நன்றி. இன்று காலையில் அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை, கல்லாக நிற்கிறது. நாக்கு மிருதுவாகவே இருக்கிறது. வீக்கத்தின் கீழ்ப்பகுதியில் மயிர் உதிர்ந்து, ஓர் இடம் மட்டும் பளபளக்கிறது. எலும்பு பழையபடி ஆகுமா?

மறுமொழி 3 (தட்டோன் மருத்துவர்)

போன எலும்பு திரும்பாது, தம்பி. ஆனால் வளர்ச்சியை நிறுத்த முடியும், நிறுத்தினால் எருது பல ஆண்டு உழும். சோடியம் அயோடைடு, உடல் எடையில் கிலோவுக்கு 70 மில்லிகிராம் என்ற கணக்கில் சிரைக்குள் மெதுவாகச் செலுத்தப்படும். 300 கிலோ எருதுக்கு 21 கிராம். 7 முதல் 10 நாள் இடைவெளியில் மீண்டும் சில முறை தேவைப்படும். சிரைக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும் என்பதால் நீங்களே போட முயலாதீர்கள். கண்ணீர் வடிந்து, தோலில் பொடுகு உதிர்ந்து, இருமல் தொடங்கினால் அயோடின் மிகுந்துவிட்டது என்று பொருள். மருந்தை நிறுத்த வேண்டும். சினைப் பசுவாக இருந்தால் இன்னும் யோசித்திருப்பேன். கூடவே பெனிசிலினோ ஆக்சிடெட்ராசைக்ளினோ பல நாட்கள் தொடர்ந்து போட வேண்டியிருக்கும். அதுவரை வைக்கோலைப் பொடியாக நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள். பளபளக்கும் அந்த இடம் இந்த வாரத்திலேயே உடையக்கூடும். அதற்கு முன் பக்கத்து நகரியத்துக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள்.