அம்மாவுக்குப் பத்துப் புள்ளி, குறைவது இரண்டு: விடுவதா, கேட்பதா?

அம்மாவின் பிப் (PIP, நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்குப் பிரிட்டன் அரசு தரும் உதவித்தொகை) மீளாய்வு முடிவு வந்து 19 நாளாகிறது. இதுவரை நடமாட்டப் பகுதியில் கூடிய தொகை வந்துகொண்டிருந்தது. இப்போது நடப்பதற்கு 10 புள்ளி மட்டும் போட்டுக் குறைந்த தொகைக்கு இறக்கிவிட்டார்கள். பொல்லுப் பிடித்தபடி 20 மீற்றருக்கு மேல், 50 மீற்றருக்குள் நடப்பாராம். கூடிய தொகைக்கு 12 வேண்டும். 2025–26 கணக்கில் வாரம் 77.05 பவுண் வந்த இடத்தில் இனி 29.20. அதைவிட, அந்தக் கூடிய தொகையைக் கட்டி வாடகைக்கு எடுத்திருக்கும் மோட்டபிலிட்டி கார்தான் பெரிய கவலை. கூடிய தொகை இல்லையென்றால் காரும் இல்லை. அம்மாவோ "விடு பிள்ளை, தாறதையும் பிடுங்கிப் போடுவாங்கள்" என்கிறார். மறுபரிசீலனை கேட்கக் கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதம்தான் இருக்கிறது. இதைக் கடந்து வந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

———

தங்கச்சி, எனக்கும் இதே பத்துதான் தந்தார்கள். 14 வருடமாக மூட்டுவாதம். கடிதத்தைக் கண்டு இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் கோபம் வந்தது. கோபத்தில் எழுதின கடிதத்தை அனுப்பாமல் விட்டதுதான் நான் செய்த நல்ல வேலை. நான் படும் பாடு முழுக்க அதில் இருந்தது, ஆனால் ஒரு இடத்திலும் மீற்றர் இல்லை.

பிறகு மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைப் போன் பண்ணிக் கேட்டு எடுத்தேன். வாசித்தபோதுதான் பிழை எங்கே என்று விளங்கியது. மதிப்பீடு போனில் நடந்தது, மகள்தான் மொழிபெயர்த்தாள். கடைக்குப் போவீர்களா என்று கேட்டதற்கு நான் "ஏதோ சமாளிச்சுப் போவன்" என்றேன். எங்கள் ஆட்கள் ஏதோ சமாளிக்கிறேன் என்றால் அதன் பொருள் எங்களுக்குத் தெரியும்: ஏலாது, ஆனால் உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. அது ஆங்கிலத்தில் 'மேனேஜ் பண்ணுகிறார்' ஆகி, அறிக்கையில் 'அருகிலுள்ள கடைக்குத் தானாக நடந்து போகிறார்' என்று முடிந்திருந்தது. மகளைக் குறை சொல்ல மாட்டேன். சுகமா என்று யார் கேட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிப் பழகின வாய் என்னுடையது.

அப்புறம் இவர் பெட்டிக்குள் கிடந்த அளவுநாடாவை எடுத்து வந்தார். அது 5 மீற்றர்தான். சோக்கால் கோடு போட்டுப் போட்டு, குனிந்து குனிந்து அளந்தார். எங்கள் கேற்றிலிருந்து நாலாவது வீட்டு மதில் 19 மீற்றர். வழக்கமாக நான் அந்த மதிலில் கை ஊன்றி நிற்கிற நேரத்துக்கு, அந்த வீட்டுக்காரி ஜன்னலால் கை காட்டிவிட்டு உள்ளே போய்த் திரும்பியும் வந்துவிடுவாள். அன்று மதிலுக்குப் போக ஒரு நிமிடத்துக்கு மேல், திரும்பக் கால் எடுக்க இன்னும் நாலு நிமிடம். அதே தூரத்தை இவர் கால் நிமிடத்தில் நடந்து காட்டினார்.

இது ஏன் முக்கியம் என்றால், ஒருவரால் முடியுமா என்று பார்க்க விதியில் நாலு விஷயம் இருக்கிறது: பாதுகாப்பாக, ஏற்கத்தக்க விதத்தில், தேவையான அளவு திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள். சுகமாக இருக்கும் ஒருவர் எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் அது நியாயமான நேரம் இல்லை. இந்த நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தத் தூரத்தை நடக்க ஏலாது என்றுதான் எடுக்க வேண்டும். அதுவும் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அப்படி இருக்க வேண்டும். அதற்காக ஒரு கொப்பியில் மூன்று கிழமை எழுதி வைத்தேன். நல்ல நாட்களையும் எழுதினேன்.

மறுபரிசீலனையில் 'மாற்றமில்லை' என்று வந்தது. அதோடு ஓய்ந்துபோகிறவர்கள்தான் கூட. நான் தீர்ப்பாயத்துக்குப் போனேன், கட்டணம் இல்லை. ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், இயலாமை பற்றி அனுபவமுள்ள இன்னொருவர் என மூன்று பேர். தமிழ் மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஒழுங்கு செய்தார்கள், அதற்கும் காசில்லை. வைத்தியர் முதல் கேட்டதே, "கார் நின்ற இடத்திலிருந்து இந்த அறை வரைக்கும் எத்தனை தரம் நின்றீர்கள்?" இந்த முறை சமாளித்தேன் என்று சொல்லவில்லை. மூன்று என்றேன்.

12 புள்ளி கிடைத்தது. குறைத்த நாளிலிருந்து நிலுவையும் வந்தது. ஆனால் தொடக்கத்திலிருந்து எல்லாம் முடிய ஒன்பது மாதம். இடையில் கார் போய்விட்டது. மேன்முறையீடு நடக்கிறது என்பதற்காக அதை வைத்திருக்க விடவில்லை. இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

———

நான் மற்றப் பக்கத்து ஆள், அப்பாவுக்காகப் பார்த்தேன். கேட்காமல் விட்டோம்.

காரணம் இதுதான். அப்பாவுக்குப் பிப்பின் மற்றப் பகுதியான அன்றாட வாழ்வுப் பகுதியில் சரியாக 12 புள்ளி, அதாவது 2025–26 கணக்கில் வாரம் 110.40 பவுண். இலவச ஆலோசனை தரும் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் நடமாட்டப் பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தைத்தான் கனநேரம் பார்த்தார். சமையலுக்கும் குளிப்புக்கும் தந்த புள்ளிகளுக்கு எங்களிடம் ஒரு துண்டு ஆதாரமும் இல்லை. நீங்கள் ஒன்றைக் கேட்டாலும் அவர்கள் முழுவதையும் திறந்து பார்க்கலாம், குறைக்கவும் செய்யலாம் என்றார். தீர்ப்பாயம் குறைப்பதற்கு முன் பொதுவாக எச்சரிக்குமாம், வாபஸ் வாங்க இடமும் தருமாம். ஆனாலும் 47.85-க்காக 110.40-ஐ மேசையில் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அப்பா இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதில்லை. நான் செய்தது சரியா என்று அந்த நாளில் மட்டும் யோசிப்பேன்.

ஆகவே அக்கா, அம்மாவின் அன்றாட வாழ்வுப் புள்ளிகளை முதலில் எண்ணுங்கள்.

———

சின்ன விஷயம். ஒரு மாதம் கடந்தாலும் கதை முடிந்ததாக நினைக்க வேண்டாம். நான் ஆஸ்பத்திரியில் கிடந்து ஏழு கிழமை பிந்தித்தான் கேட்டேன், காரணத்தை எழுதினேன், ஏற்றார்கள். தகுந்த காரணம் இருந்தால் 13 மாதம் வரை கேட்கலாம். அதை நம்பி இழுத்தடிக்கவும் வேண்டாம், ஏற்காமலும் விடலாம்.

———

எல்லாருக்கும் நன்றி. அறிக்கை இன்று வந்தது. அன்றாட வாழ்வில் அம்மாவுக்கு 15 புள்ளி, பெரும்பாலானவற்றுக்கு வைத்தியரின் கடிதமே இருக்கிறது. நடமாட்டப் பக்கத்தில் 'பஸ் தரிப்பிடம் வரை நடப்பார்' என்று இருக்கிறது. நின்று நின்று போவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அம்மாவிடம் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று கேட்டேன். "ஏதோ" என்றார். ஏதோ என்றால் எவ்வளவு அம்மா என்று விடாமல் கேட்டேன். கனநேரம் யோசித்துவிட்டு, முதலாவது லைட் கம்பம், அதுவும் குளிர் இல்லாத நாளில் என்றார். நாளைக்குத் தம்பி அளவுநாடாவோடு வருகிறான். திங்கட்கிழமை போன் பண்ணிக் கேட்டுவிட்டு, பின்னால் கடிதமும் போடுகிறேன்.