டை ஹாங் நெருப்பு டிராகன் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

ஹாங்காங் போயிருக்கவங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ். இந்த வாட்டி மூன்கேக் பண்டிகை (சீனாக்காரங்களோட நிலா பண்டிகை) டைம்ல தம்பி வீட்டுக்குப் போறோம், அப்போ அங்க டை ஹாங்ங்கிற ஏரியால நெருப்பு டிராகன் ஆட்டம் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. 1880ல அந்த ஏரியா ஹக்கா ஜனங்க (சீனாவுல ஒரு பிரிவு) இருந்த சின்ன கிராமம், கொள்ளை நோய் வந்து ஆளுங்க சாகவும் அதை விரட்ட ஆரம்பிச்ச ஆட்டமாம் (நம்மூர்ல அம்மை வந்தா மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துற மாதிரியேதான்!), இப்ப சுத்தி ஃபுல்லா அபார்ட்மென்ட் ஆனாலும் அந்த ஏரியா ஆளுங்களே விடாம நடத்துறாங்க, 67 மீட்டர் நீளத்துக்குப் புல்லுல டிராகன் கட்டி உடம்பு பூரா ஆயிரக்கணக்குல ஊதுபத்தி சொருகி, மேள சத்தத்துல சந்து சந்தா தூக்கிட்டு ஓடுறாங்க. 2011ல சீனா இதை தேசிய பாரம்பரிய லிஸ்ட்லயும் சேத்தாச்சு.

டவுட் என்னன்னா, அம்மாவுக்கு வீசிங் இருக்கு, புகை ஒத்துக்காது. மூணு நாள் நடக்குதே, எந்த நாள் கூட்டம் கம்மி? டின் ஹாவ் மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கினா நடக்குற தூரந்தானா? புகை அடிக்காம, கொஞ்சம் தள்ளி உக்காந்து பாக்க இடம் கிடைக்குமா? எத்தன மணிக்குப் போய் நிக்கணும்னும் சொல்லுங்க. தம்பிகிட்ட கேட்டா அவன் அங்க ஆறு வருஷமா இருந்தும் பாத்ததே இல்லையாம் 🤦