சம்பு நாத் டே: முயல் குடல் சோதனையின் பெருமை யாருக்கு?

வைகைக்கரையான்:
இந்திய மருத்துவக் கண்டுபிடிப்புகள் என்று இங்கே ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் சம்பு நாத் டே பெயர் இல்லை. ஏன் என்று கேட்டால், "அவர் காலேஜ் பேராசிரியர், ஒரு டெஸ்ட் முறையைக் கொண்டுவந்தார், அவ்வளவுதான்" என்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தத் தனித் திரி.

1915இல் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1939இல் மருத்துவப் பட்டம், 1942இல் வெப்பமண்டல மருத்துவ டிப்ளமா. லண்டனில் ராய் கேமரன் என்ற பேராசிரியரிடம் பேத்தாலஜியில் (நோய்க்கூறியல்) ஆய்வு செய்து 1949இல் பிஎச்.டி. ஊர் திரும்பி, 1955இலிருந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேத்தாலஜி துறைத் தலைவர். 1959இல் 'நேச்சர்' அறிவியல் இதழில், தன் பெயரில் மட்டும், காலரா கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது என்று நிரூபித்தார். மரபியலுக்கு நோபல் வாங்கிய ஜோஷுவா லெடர்பெர்க் இவர் பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நோபலுக்குப் பரிந்துரைத்திருக்கிறார். நம் அறிவியல் அகாடமிகளில் ஒன்றுகூட இவரை ஃபெல்லோவாக (உறுப்பினராக) தேர்ந்தெடுக்கவில்லை. 1985இல் இறந்துபோனார். இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

கறார்:
டேயின் படிப்பையோ உழைப்பையோ யாரும் குறைத்துப் பேசவில்லை சார். ஆனால் "முதன்முதலில்" என்று எழுதும்போது கணக்கு சரியாக இருக்கணும்.

காலராவுக்கு விஷம்தான் காரணமாக இருக்கும் என்று ஜெர்மன் கிருமியியல் விஞ்ஞானி ராபர்ட் கோக் 1884லேயே சொல்லிவிட்டார். முயலின் குடலைக் கட்டி உள்ளே கிருமியைச் செலுத்தும் சோதனையை வியோல், கிரெண்டிரோபூலோ என்ற இருவர் 1915இல் செய்து எழுதியிருக்கிறார்கள். பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவின் குழு 1955இலேயே முயல்குட்டிகளுக்குக் காலரா உண்டாக்கிக் காட்டியது. 1959இல் அவர்களும் நச்சு பற்றிக் கட்டுரை போட்டார்கள். நச்சைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தது ஃபிங்கெல்ஸ்டைன், லோஸ்பல்லூட்டோ, அது 1969இல். இத்தனை பேரையும் தள்ளிவைத்துவிட்டு ஒருவருக்கே மொத்தப் பெருமையும் கொடுப்பதுதான் எனக்கு அநியாயமாகத் தெரிகிறது.

நுண்ணோக்கி:
நான் பேத்தாலஜி. கறார் சொன்ன ஆண்டுகள் எல்லாம் சரி. ஆனால் அவற்றை வரிசையாக அடுக்கினால் டே என்ன செய்தார் என்பது காணாமல் போகிறது.

கோக்குக்குப் பிறகு எழுபது வருஷம் ஆராய்ச்சி எங்கே நின்றது என்று பாருங்கள். கிருமியைக் கினிப்பன்றியின் வயிற்றறையில் ஊசியில் ஏற்றுவார்கள், இல்லை ரத்தத்தில் ஏற்றுவார்கள். மிருகம் செத்துப்போகும். விஷம் இருக்கிறது, அது கிருமியின் உடலுக்குள்ளேயே இருக்கும் எண்டோடாக்ஸின் என்று முடித்துக்கொள்வார்கள். அந்த மிருகத்துக்கு வயிற்றுப்போக்கே வந்திருக்காது! காலரா நோயாளி சாவது உடம்பிலிருக்கும் தண்ணீரும் உப்பும் குடல் வழியே கொட்டிப்போவதால். அதை அந்தச் சோதனைகள் தொடவே இல்லை.

டே லண்டனில் கேமரனோடு செய்த வேலை நுரையீரலில் நீர் கோப்பது பற்றியது. உடம்புக்குள் நீர் இடம் மாறுவதையே பார்த்துப் பழகிய கண் அது. திரும்பி வந்ததும் காலராவில் சிறுநீரகம் கெட்டுப்போவதை ஆராய்ந்தார். அப்புறம்தான் 1953இல் சட்டர்ஜியோடு அந்தக் குடல் சோதனை.

செய்முறை இதுதான். முயலைப் பட்டினி போட்டு, மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் ஒரு துண்டின் இரண்டு முனையையும் பட்டு நூலால் கட்டுவார்கள். ரத்த ஓட்டம் அறுபடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். அந்தத் துண்டுக்குள் கிருமி வளர்ந்த திரவத்தைக் கொஞ்சம் ஊசியால் செலுத்துவார்கள். பக்கத்தில் இன்னொரு துண்டைக் கட்டி அதில் கிருமி இல்லாத திரவம். வயிற்றைத் தைத்துவிட்டு மறுநாள் திறந்தால், முதல் துண்டு நீர் கோத்து விறைத்து நிற்கும். உள்ளே இருப்பது காலரா நோயாளியிடம் பார்க்கும் அதே அரிசி கழுவிய தண்ணீர். பக்கத்துத் துண்டு சுருங்கிப்போய்க் கிடக்கும். அதே முயல், அதே நாள், அதே கை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

1959இல் அதே முறையில் ஒரே ஒரு மாற்றம். கிருமியை முழுக்க வடிகட்டி எடுத்துவிட்டு, வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் துண்டு வீங்கியது. அப்படியென்றால் நச்சு வெளியே சுரக்கப்படுகிறது, குடலின் உட்சுவரில் வேலை செய்கிறது. காலராவைப் பற்றிய பார்வையே அதோடு மாறியது.

கறார்:
அழகாக விளக்கினீர்கள் மேடம். ஆனாலும் 1915 சோதனை 1915 சோதனைதானே? முன்னாடி ஒருவர் செய்ததை மறுபடி செய்வதைக் கண்டுபிடிப்பு என்று எப்படிச் சொல்வது?

சாயக்குப்பி:
நான் லேப் டெக்னீஷியன். என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரு முறை இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம், இன்னொருவர் அதை எடுத்து வேறொரு கிருமிக்குப் போட்டுப் பார்க்க முடிவதுதான். 1915 கட்டுரையை அப்படி யாரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை. டேயின் முறையை அவரே 1956இல் வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலை என்ற குடல் கிருமிக்குப் போட்டார். சில வகை ஈ.கோலையும் அதே மாதிரி குடலில் நீர் கோக்க வைக்கிறது என்று தெரிந்தது. இன்று பயணிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு என்று படிக்கிறோமே, அந்த ஆராய்ச்சியின் ஆரம்பப்படி அது. பிறகு உலகம் முழுக்க லேப்களில் குடல் நச்சு இருக்கிறதா என்று பார்க்க முயல் குடலைத்தான் கட்டினார்கள். ஒரு காலேஜ் லேபில் நூலும் ஊசியும் முயலும் வைத்துச் செய்தது இது. பெரிய மெஷின் எதுவும் இல்லை.

வைகைக்கரையான்:
அதே காரணத்தால்தான் நச்சைப் பிரித்தெடுக்கும் அடுத்த கட்டம் வெளிநாட்டுக்குப் போனது. சுத்திகரிக்க உயிர்வேதியியல் வசதி வேண்டும். கறார் ஃபிங்கெல்ஸ்டைனைச் சொல்கிறார். இப்படி ஒரு நச்சு இருக்கிறது என்று காட்டிய பிறகுதானே அதைப் பிரிக்க ஆள் வந்தது?

கறார்:
சரி, முறையின் பெருமையை விட்டுக்கொடுக்கிறேன் என்றே வையுங்கள். ஆனால் இந்தியாவில் அவருக்கு ஒரு மரியாதையும் கிடைக்காதது போல எழுதுவது மிகை. 1956இல் கல்கத்தா பல்கலையின் கோட்ஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்திருக்கிறது. நோபல் கிடைக்காததை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்காதவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

நுண்ணோக்கி:
நோபலை நானும் பேசவில்லை. 1978இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அவரை ஸ்வீடனுக்குக் கூப்பிட்டார்கள். 1986இல் யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர், ஒரு கட்டுரையை மற்ற கட்டுரைகள் எத்தனை தடவை மேற்கோள் காட்டுகின்றன என்ற கணக்கை வைத்து, ஆரம்பத்தில் கவனிக்கப்படாத அந்த 1959 கட்டுரை ஒரு மைல்கல் என்று எழுதினார். நம் நாட்டு அறிவியல் இதழான 'கரண்ட் சயன்ஸ்' 1990இல் சிறப்பிதழே போட்டது. எல்லாம் தூரத்திலிருந்து வந்தது, அல்லது காலம் கடந்து வந்தது. பதக்கம் கொடுத்தது அவர் வேலை பார்த்த ஊர்ப் பல்கலை. தேசிய அகாடமிகளில் இருந்தவர்கள் ஒரு மருத்துவக் கல்லூரி பேத்தாலஜி துறையை எட்டிப் பார்க்கவில்லை. பாடம் எடுத்து, போஸ்ட்மார்ட்டம் பார்த்து, பயாப்ஸி ரிப்போர்ட் எழுதும் இடத்தில் அடிப்படை விஞ்ஞானம் நடக்கும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. என் கோபம் அதுதான். இன்றைக்கும் எங்கள் துறையில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளை அப்படித்தான் பார்க்கிறார்கள்.

சாயக்குப்பி:
வயிற்றுப்போக்குக்குக் குடிக்கக் கொடுக்கும் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பேச்சு வந்தால், எல்லோரும் 1971 வங்கதேசப் போர் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அதைக் கொடுத்துக் காப்பாற்றியதைச் சொல்கிறார்கள், சொல்லவும் வேண்டும். நச்சு குடல் சுவரைக் கிழிப்பதில்லை, சுரப்பைத்தான் தூண்டிவிடுகிறது, சர்க்கரையோடு உப்பை உறிஞ்சும் வழி கெடாமல் இருக்கிறது என்று தெரிந்ததால்தான் அந்தக் கரைசல் ஏன் வேலை செய்கிறது என்பதே புரிந்தது. நச்சு குடலில் வேலை செய்வதை டே காட்டிய பிறகு வந்த ஆராய்ச்சி அது.

கறார்:
அப்படியானால் தத்தா பெயரும் வரணும். அவர் செய்த முயல்குட்டிச் சோதனையை ஒதுக்கிவிட்டு எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வைகைக்கரையான்:
தத்தாவுக்குத் தனி வரி, தாராளமாக. டேக்கு இந்த வரி: "1953: கட்டிய முயல் குடல் சோதனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார், 1959: காலரா நச்சு குடலில் செயல்படுவதைக் கிருமி நீக்கிய வடிநீரால் காட்டினார்." வியோல், கிரெண்டிரோபூலோ செய்த 1915 சோதனையை அதன் கீழே குறிப்பாகப் போடலாம். பட்டியல் வைத்திருப்பவருக்கு இன்றே அனுப்புகிறேன்.