பொருள்: கழிவுப் பாறையின் 'அமில உற்பத்தி ஆற்றல்' – நல்ல சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, ஒரு சுரங்க அனுமதியின் நிபந்தனைகளைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கெடு. தாதுவை எட்டுவதற்காகத் தோண்டிக் குவிக்கும் கழிவுப் பாறையில் பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு கனிமம் இருந்தால், காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலம் கசியும். எனவே கொட்டுவதற்கு முன்பே பாறையைச் சோதித்து வகைபிரிக்க வேண்டும். 'அமில உற்பத்தி ஆற்றல்' என்று எழுதியிருக்கிறேன். தொழிற்சாலை விளம்பரம் போல ஒலிக்கிறது.

புலவர்:
உற்பத்தி வடசொல், அமிலமும் அப்படியே. 'காடியீன் திறன்' என்க. வாழை குலை ஈனும், சிப்பி முத்து ஈனும். பாறை காடி ஈனாதா? ஈதல், ஈகை, ஈற்று யாவும் ஓரினம் என்பது என் துணிபு. விரித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

வேதியியல் ஆசிரியர்:
ஐயா, காடி என்றால் என் மாணவர்கள் புளித்த கஞ்சியைத்தான் நினைப்பார்கள். பாடநூலில் அமிலம் ஊன்றிவிட்டது. 'ஈன்' இருக்கட்டும், ஆனால் 'அமிலமீன்' என்று சேர்த்தெழுதிவிடாதீர்கள், எந்தக் கடல் மீன் என்பார்கள்.

நிலவியலாளர்:
'ஈன் பாறை' வினைத்தொகை. ஈன்ற, ஈனுகின்ற, ஈனும் என்று முக்காலமும் அதில் ஒளிந்திருக்கின்றன. நிபந்தனை கேட்பது எதிர்காலத்தை மட்டும். இன்று பொடியை நீரில் குழைத்தால் பி.எச். 7 காட்டும், கார்பனேட் கனிமங்கள் தீர்ந்த பிறகுதான் அமிலம் தலைகாட்டும். அதனால்தான் கணக்குப் போடுகிறோம். சல்பைடு கந்தகம் 1 சதவீதம் என்றால் அதை 31.25 ஆல் பெருக்கி, டன்னுக்கு 31.25 கிலோ கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான அமிலம் என்கிறோம். அதே பாறையின் கார்பனேட் முதலியவற்றுக்கு அமிலத்தை நடுநிலையாக்கும் திறன் 40 கிலோ என்றால், 40ஐ 31.25ஆல் வகுக்க விகிதம் 1.28. பெரும்பாலும் 1க்குக் கீழே இருந்தால் அமிலம் வரும், 2க்கு மேலே இருந்தால் வராது என்று கொள்வார்கள். இது இடையில் சிக்கியது. இதை ஈரக்காற்றுக் கலத்தில் வைத்து, வாரந்தோறும் மூன்று நாள் உலர்காற்று, மூன்று நாள் ஈரக்காற்று, ஏழாம் நாள் நீரலசல் என்று 20 வாரமாவது பார்க்க வேண்டும். 'அமிலம் ஈனக்கூடிய பாறை' என்பதே சரி.

புலவர்:
'கூடிய' சவசவ என்றிருக்கிறது. மேகம் சூல் கொள்ளும் என்பது நம் மரபு. 'காடிச்சூல் பாறை' எனலாமே!

நிலவியலாளர்:
அழகுதான் ஐயா. ஆனால் சூல் என்றால் பிறப்பு உறுதி என்றாகிவிடும். 1.28க்கு அந்த உறுதி ஏது?

வேதியியல் ஆசிரியர்:
குவியலருகே நடும் பலகையை லாரி ஓட்டுநரும் படிக்க வேண்டும். 'அமிலம் ஈனக்கூடியது' என்றால் அவருக்கு விளங்கும். மொத்தக் கந்தகத்தில் ஜிப்சத்தின் பங்கைக் கழிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அது அமிலம் தராது.

மொழிபெயர்ப்பாளர்:
பண்புக்கு 'அமிலம் ஈனும் திறன்'. பாறைக்கு 'ஈனக்கூடியது', 'ஈனாதது'. இடைப்பட்டதற்கு 'ஐயப் பாறை'. இப்படியே அனுப்புகிறேன்.

நிலவியலாளர்:
ஐயப் பாறையை, சோதனை முடியும்வரை ஈனக்கூடியதாகவே கையாள வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் அதை அணைகட்டவும் சாலைபோடவும் அள்ளிவிடுவார்கள்.

புலவர்:
என் மறுப்பு நிற்கிறது. 'கழிவுப் பாறை'யும் நெடிது; 'கழிகல்' குறித்து நாளை எழுதுவேன்.