சி-எஸ்-ஹெச் எக்ஸ்பிஎஸ்: சிலிக்கான் பீக் 103க்குப் போய்விட்டது, ஏன்?

ஈரமாவு: சிமெண்டின் முக்கியச் சேர்மமான டிரைகால்சியம் சிலிகேட்டைத் தண்ணீரில் குழைத்து, சி-எஸ்-ஹெச் (கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட், சிமெண்டைப் பிணைக்கும் பொருள்) உருவாக 28 நாள் மூடி வைத்து, ஐசோப்ரொப்பனாலில் நீரேற்றத்தை நிறுத்தி, காயவைத்து, அரைத்து எக்ஸ்பிஎஸ்ஸுக்குக் (எக்ஸ்-கதிர் பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றலை வைத்து மேற்பரப்பைப் பார்க்கும் முறை) கொடுத்தேன். சிலிக்கானின் 2பி எலக்ட்ரான் பீக் 102க்குப் பக்கத்தில் வரும் என்று பார்த்தால் 103.1 எலக்ட்ரான் வோல்ட்டில் நிற்கிறது. பவுடரைக் கார்பன் டேப்பில் ஒட்டி, சார்ஜால் பீக் நகர்வதைக் கார்பன் 1எஸ் பீக்கை 284.8 என்று வைத்துத்தான் திருத்தினேன். சிலிகேட்டுகள் கோர்த்த சங்கிலி நீள நீள பீக் மேலே போகும் என்பதால், சங்கிலி நீண்டுவிட்டது என்று கைடிடம் சொல்லலாமா? அடுத்த வாரம் ரிவியூ.

பழைய லேப்காரன்: அவசரப்படாதீங்க. அரைத்த பிறகு எத்தனை நாள் கழித்து அளந்தீர்கள்? எக்ஸ்பிஎஸ் பார்ப்பது அதிகபட்சம் 10 நானோமீட்டர் ஆழம், அதாவது காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு முதலில் கை வைக்கிற அதே தோல். அது சி-எஸ்-ஹெச்சிலிருந்து கால்சியத்தைப் பிடுங்கி கார்பனேட்டாக்கிவிடும், மிச்சமாகும் சிலிகேட் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு சிலிக்கா ஜெல் மாதிரி ஆகிவிடும். சிலிக்காவின் பீக் 103.5 பக்கம். சங்கிலி நீண்டது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நீட்டியது நீரேற்றமா காற்றா? கார்பன் 1எஸ்ஸில் 289, 290 பக்கம் மேடு இருக்கிறதா பாருங்கள்.

ஈரமாவு: 11 நாள். டெஸிகேட்டரில்தான் வைத்திருந்தேன் சார், சிலிக்கா ஜெல் போட்டு. 289.6இல் பெரிய மேடு இருக்கிறது, ஐசோப்ரொப்பனால் மிச்சம் என்று நினைத்து விட்டுவிட்டேன் 😐

பழைய லேப்காரன்: ஐசோப்ரொப்பனால் என்றால் 286 பக்கம் வரும். இது கார்பனேட். சிலிக்கா ஜெல் ஈரத்தைத்தான் உறிஞ்சும், கார்பன் டை ஆக்சைடை விட்டுவிடும். அதை உறிஞ்சும் சோடா லைம் வைத்திருக்க வேண்டும்.

மின்னூட்டம்: டேப் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. பவுடர் மின்கடத்தாப் பொருள், டேப் கடத்தி. இரண்டும் ஒரே அளவுக்குச் சார்ஜ் ஆகாது. பவுடர் மெல்லிசாக இருந்தால் நீங்கள் 284.8 என்று பிடித்தது டேப்பின் கார்பனாகவே இருக்கலாம், அப்படியானால் 103.1 என்ற எண்ணையே நம்ப முடியாது. இண்டியம் தகட்டில் அழுத்தி ஒட்டுங்கள். அதோடு கால்சியம் 2பி 3/2க்கும் சிலிக்கான் 2பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், சார்ஜ் இரண்டையும் ஒரே மாதிரி தள்ளுவதால் அந்த இடைவெளி மாறாது. சங்கிலி நீள நீள அது குறுகும். ஆனால் கார்பனேட் கலந்த சாம்பிளில் கால்சியம் பீக்கும் கலப்படம்தான், அப்புறம் அதுவும் உதவாது. ஆக்சிஜன் 1எஸ்ஸில் பாலம் (இரண்டு சிலிக்கானை இணைக்கும் ஆக்சிஜன்), பாலமில்லாதது என்று பீக் பிரிக்க மட்டும் போகாதீர்கள், ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் அங்கேயே வந்து உட்கார்ந்திருக்கும்.

குறுக்குச்சால்: சங்கிலி நீளத்துக்கு எக்ஸ்பிஎஸ் எதற்கு? சிலிக்கான்-29 என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) போட்டால் -79 பிபிஎம்மில் க்யூ1 (சங்கிலி முனை), -85இல் க்யூ2 (சங்கிலி நடு) என்று மொத்தச் சாம்பிளுக்கும் சொல்லிவிடும். 28 நாள் பேஸ்டில் பெரும்பாலும் இரண்டிரண்டு சிலிகேட்டாகத்தான் இருக்கும், நீண்ட சங்கிலி என்று சொன்னால் ரிவியூவில் முதல் கேள்வியே அதுதான்.

பழைய லேப்காரன்: அது சரி. ஆனால் முதல் சில மணி நேரத்தில் துகளின் மேற்பரப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்க எக்ஸ்பிஎஸ் நல்ல கருவி. தம்பி, மிச்சமிருக்கும் பேஸ்ட் துண்டை நைட்ரஜன் நிரப்பிய கிளவ் பேக்குக்குள் உடைத்து, உடைந்த புது முகத்தை அப்படியே கருவிக்குள் ஏற்றுங்கள். அரைக்கவே வேண்டாம்.

ஈரமாவு: அரைக்காத துண்டு ஒன்று இருக்கிறது சார், மெழுகுத்தாளில் சுற்றி வைத்தது. வியாழக்கிழமை ஸ்லாட் கேட்டிருக்கிறேன்.